ஒன்றரை டன்

முதலில் தும்மியது எது என்று தெரியவில்லை.
ஆகஸ்டில் பர்காவில் எல்லோரும் தும்முகிறோம்,
கடல் ஈரமும் லாரி மண்ணும் சேர்ந்து
மூக்குக்குள் சேறாகும் மாதம்.
மூன்றாம் நாள்
வெள்ளைப் புள்ளிக்காரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு
தீவனத் தட்டுக்குப் பக்கத்தில் கொத்தினாள்.
தட்டில் இல்லை, தரையில்.
தூக்கிப் பார்த்தேன்.
இமையோரம் சோப்பு நுரை.
கன்னம் ஒரு பக்கம் வீங்கி
பல்வலிக்காரன் முகம்.
கோழிக்குப் பல் கிடையாது என்பது
கொஞ்சம் தாமதமாக நினைவுக்கு வந்தது.

ஹமூத் அர்பாப் தள்ளி நின்று பார்த்தார்.
கழுத்தில் விரலை ஒருமுறை இழுத்து
"கலாஸ்" என்றார்.
பதினோரு கோழிக்கும் சேர்த்து ஒரே இழுப்பு.
வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம் என்று
எனக்குத் தெரிந்த அரபியில் கெஞ்சினேன்,
அதாவது 'ஜும்ஆ' என்ற ஒரே சொல்லிலும்
கூப்பிய பத்து விரலிலும்.

கால்நடை மருந்துக்கடை ரஃபீகுல்
யாருடைய ஒட்டகத்துக்கோ சிரப் கட்டிக்கொண்டே கேட்டான்:
ராத்திரி சத்தம் வருதா?
ராத்திரி ஏசி ஓடும், ஒன்றும் கேட்காது என்றேன்.
அப்போ அணைச்சுட்டுக் கேளு.
கண்ணுக்குக் களிம்பு, தண்ணீருக்குத் தூள்.
இரண்டு ரியால் எண்ணூறு பைசா.
முட்டையை யாரும் தொடக் கூடாது,
அர்பாபும்தான், என்றான்.
அதை எந்த அரபியில் சொல்வது?

அணைத்தேன்.
உறுமல் அடங்க அடங்க
சுவருக்கு அந்தப் பக்கம்
ஜூஸ் தீர்ந்த பிறகும் குழலை உறிஞ்சுகிற சத்தம்.
எத்தனை நெஞ்சு என்று எண்ணினேன்.
ஏழு. மறுபடி எண்ணினால் ஆறு.
பிறகு எட்டு.
கோழித் தூக்கம் என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம்.
டார்ச் அடித்தபோது ஒன்று
வாய் திறந்து, கழுத்தை நீட்டி,
மேலே எங்கோ காற்று இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது.

நின்றால் வெறும் கோழி வாடை.
தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்க முழங்காலிட்டேன்,
கண் எரிந்தது.
அவற்றின் உயரத்தில் காற்றே வேறு.
மரத்தூள் சொதசொதவென்று.
மழையே இல்லாத ஊரில் ஏது இந்த ஈரம்?
டார்ச்சைச் சுவரோடு மேலே ஏற்றினேன்.
வடிகுழாய்.
என் அறையின் ஒன்றரை டன்.
கடைசிச் சொட்டு ஒன்று
விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.
மே மாதத்திலிருந்து நான் தூங்கிய தூக்கமெல்லாம்
சொட்டுச் சொட்டாக
இவற்றின் படுக்கையில்.

அந்த வாரம் ஏசி போடவில்லை.
பெருந்தன்மை ஒன்றுமில்லை,
குழாய் வாங்கக் கடைக்குப் போக வண்டி கிடைக்கவில்லை.
பழைய கைலியில் ஒவ்வொன்றாகச் சுற்றி
மடியில் வைத்து
உப்புநீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.
புள்ளிக்காரியின் கண்ணிலிருந்து
வெந்த துவரம்பருப்பு அளவில் சீழ்க்கட்டி வந்தது.
அதற்குப் பின்னால் கண் அப்படியே இருந்தது,
ஆரஞ்சு நிறத்தில்.
அது என்னைப் பார்த்தது.
நன்றியெல்லாம் இல்லை.
கையைக் கொத்தியது.

இரண்டு செத்தன. சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன்.
மூன்று மீட்டர் குழாயில் என் குளிர்
இப்போது எலுமிச்சைக்குப் போகிறது.

வெள்ளிக்கிழமை அர்பாப் ஒன்பதையும் எண்ணினார்.
சிரித்தார். தோளில் தட்டினார்.
வண்டியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி எடுத்தார்.
குறைந்த இரண்டுக்குப் பதில் இரண்டு,
புத்தம்புதுசு.
ரஃபீகுல் சொல்லியிருந்தான்:
பிழைச்சது பார்க்க நல்லாத்தான் இருக்கும்,
நோயை உள்ளே வச்சிருக்கும்.
புதுசு சேர்க்காதே.
அதற்கும் என்னிடம் சொல் இல்லை.
ஷுக்ரன் என்றேன்.

பெட்டி இப்போது என் கட்டிலுக்கடியில்.
இருபத்துநான்கு டிகிரி.
சற்று முன் அதற்குள் ஏதோ தும்மியது.
குளிராக இருக்கலாம்.
அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.