இடக்கைக்கு ஒரு வேலை

மார்ச்சிலிருந்து என் இடக்கை
வாடகை தராமல் என்னோடு குடியிருக்கிறது.
மேசைமேல் எடுத்து வைத்தால்
வைத்த இடத்தில் இருக்கும்.
மறந்தால் கதவிடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

இருபத்தாறு வருடம்
மொந்தேவிதேயோ பேருந்தில் நடத்துநர் நான்.
வளைவில் கம்பியைப் பிடிக்காமல்
சில்லறை எண்ணிக் கொடுத்தவள்.
இப்போது ஒரு பொத்தானுக்குப் பதினொரு நிமிடம்.
அனாயி கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டாள்,
வண்டியின் தாமதத்தைக் குறிப்பது போல.

மருத்துவமனையில் முதலில் கூம்புகள் தந்தார்கள்.
மஞ்சள், சிவப்பு. ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்க வேண்டும்.
"என் வீட்டில் கூம்பே கிடையாது" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
மறுவாரம் அளவுநாடாவோடு
என் சமையலறையில் நின்றாள்.

"காலையில் முதல் வேலை என்ன, எல்பியா?"
மாத்தே குடிப்பது. வேறென்ன,
இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதுதான்.
"யார் போட்டுத் தருவது?"
மகன்.
அதைச் சொன்ன குரல்
எனக்கே பிடிக்கவில்லை.

பச்சைத் தண்ணீரில் தொடங்கினோம்.
சுரைக்குடுக்கைக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு.
இலைத்தூள் பாதி குடுக்கையில், பாதி தரையில்.
நான் தடுமாறும்போதெல்லாம் அனாயி
தன் இரு கைகளையும் தொடைக்கடியில் திணித்து
அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வாள்.
உதவத் துடிக்கும் கைகளை அடக்க
அவள் படும் பாடு
கழுத்து நரம்பில் தெரியும்.

பிறகு ஒரு நாள் தெர்மாஸை எடுத்து
என் இடது அக்குளில் செருகினாள்.
கடற்கரைச் சாலையில் எல்லோரும்
செருகிக்கொண்டு நடப்பார்களே, அதே இடம்.
"விரல்கள் தூங்கட்டும். நீங்கள் இறுக்குங்கள், போதும்.
மூடியை வலக்கை பார்த்துக்கொள்ளும்."

விழுந்தது.
விழுந்தது.
நாலாம் நாள் கீழ்வீட்டு வில்மார் ஏறி வந்து
எதை உடைக்கிறீர்கள் என்று கேட்டான்.
ஒன்பதாம் நாள்
அது பிடித்துக்கொண்டது.

உள்ளாடைக் கொக்கி இன்னும் முடியவில்லை.
ரொட்டி அறுக்க, ஆணி அடித்த பலகை வேண்டும்.
சில ராத்திரி புரண்டு படுக்கையில்
யாரோ என்மேல் கை போட்டதாகத் திடுக்கிட்டு
விளக்கைப் போட்டுப் பார்ப்பேன்,
என்னுடையதுதான்.

நேற்று அவளுடைய கடைசி வருகை.
அக்குள் இறுக்க, வலக்கை திருக,
ஆவி வந்தது.
பாதி தட்டில் சிந்தியது, துடைக்கவில்லை.
முதல் கசப்பு, வழக்கப்படி, ஊற்றியவளுக்கு.
அடுத்தது அனாயிக்கு.
உறிஞ்சி முடித்துக் குடுக்கையை நீட்டினாள்.

இங்கே மாத்தே குடித்து 'நன்றி' என்றால்
'எனக்குப் போதும்' என்று பொருள்.
அவள் சொல்லவில்லை.

மறுபடி இறுக்கினேன்.