நான்காவது முளை

கம்பிப்பாட்டு மணலில் ஆணி நிற்காது.
கூடாரத்தோடு வந்த எட்டு இரும்பு முளைகளும்
முதல் ராத்திரியே பல்செட்டு மாதிரிக் கழன்றுவிட்டன.
நம்புக்கனிதான் சொன்னாள்:
அரிசிச் சாக்கை நாலாக் கிழி,
ஒவ்வொண்ணுலயும் ரெண்டு படி மணல் கட்டு,
முழங்கை ஆழத்துல படுக்கப் போடு.
கயிறு சாய்வாப் போகட்டும்,
நேராப் போனா உருவிக்கிடும்.

இருவருமே தற்காலிகம்.
தை தொடங்கிச் சித்திரை வரை
பங்குனி ஆமைக் கூடுகளை எண்ணும் வேலை.
நாள் கூலி, பச்சைக் கூடாரம் ஒன்று,
சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சு இரண்டு.

வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு வாரம் சண்டை.
வாடைக்கு முதுகு காட்டணும் என்றேன்.
அண்ணன் வத்தை கிடக்கிற பெண்கடலைப் பார்த்தால்தான்
தூக்கம் வரும் என்றாள்.
காற்றே தீர்த்து வைத்தது.
ஒரு விடியலில் அவளுடைய டிபன் பாக்ஸைக்
கூடாரத்துக்குள்ளேயே தோண்டி எடுத்தோம்.

ஜிப்பில் உப்புப் பூக்கும்.
தங்கச்சிமடத்தில் வாங்கிய மெழுகுவர்த்தியை
மேலும் கீழும் தேய்க்க வேண்டும்.
முறிந்த கம்புக்குத் தூண்டில் கழித்துண்டு,
அதன்மேல் சைக்கிள் டியூப் மூன்று சுற்று.
செருப்பு எப்போதும் வெளியே,
நண்டு இருக்கிறதா என்று உதறிவிட்டுப் போடவும்.

மாசி பதினெட்டு. இரண்டு மணி இருக்கும்.
காற்று ஏறி, நாலாவது மூலை தளர்ந்து
துணி என் கன்னத்தில் அறைந்தது.
கட்டப் போகலாமென்று
ஜிப்பை இரண்டு விரல் திறந்தேன்.
வெளியே யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

ஓட்டின்மேல் நிலா ஈரமாக இருந்தது.
பின்துடுப்பு ஒன்று இறங்கும்,
உள்ளங்கை போலக் குழியும்,
ஒரு பிடி மணலை ஓரமாய் வைக்கும்.
பிறகு மற்றது.
எங்கள் மூட்டை தட்டுப்பட்டதும் நின்றது.
வந்த வழியே போய்விடுமோ என்று பயந்தேன்.
ஒரு சாண் நகர்ந்து
முதலிலிருந்து தோண்டத் தொடங்கியது.

இப்போது கயிறு அதன் துடுப்பில்.
நம்புக்கனி பிளேடை எடுத்துத்
துணிக்கு அடியில் கை விட்டு
அறுத்தாள்.

பிறகு கூடாரம் நாங்கள்தான்.
நான் கம்பைக் கட்டிக்கொண்டேன்,
அவள் நாலாவது மூலையில் உட்கார்ந்தாள்.
விளக்கில்லை, பேச்சில்லை,
வியர்வையும் நைலான் வாசமும்.
துணி ஒவ்வொரு முறை உப்பும்போதும்
அவள் வாய்க்குள்ளேயே
ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
காற்றையா, துறையையா, தெரியவில்லை.

போகும்முன் அது
வயிற்றை இடமும் வலமும் சாய்த்து
மணலைக் குத்தி இறுக்கியது.
நாங்கள் போட்ட ஒரு மூட்டையையும்
அவ்வளவு ஒழுங்காக மூடியதில்லை.

நூற்றுப் பதினொன்று முட்டைகள்.
விடிவதற்குள் வேலிக்குள் மாற்றினோம்.
கயிற்றின் அறுந்த முனையும் குழிக்குள் கிடந்தது.
அதையே குச்சியில் கட்டி
அறுபத்து மூன்றாம் கூட்டுக்கு அடையாளமாக நட்டோம்.

சித்திரையில் கூடாரத்தைக் கழுவ
நல்ல தண்ணீர் வேண்டும்.
ஊற்றில் அகப்பையால் கோரிக் கோரி
ஒரு குடம் நிறைய அரைமணி நேரம்.
வரிசையில் நின்ற சண்முகக்கனி சொன்னாள்,
"மனுசி குளிக்கக் காணோம்,
கூடாரம் குளிக்குதாக்கும்."
பதில் சொல்ல வாய் வரவில்லை.
ஜிப்பு, தையல், கம்பின் மூட்டு,
இவற்றுக்கு மட்டும் ஒரு குடம்.
மீதியை ஈரத்துணியால் துடைத்துச்
சவுக்கு நிழலில் விரித்தோம்.
வெயிலில் காய்ந்தால் நிறம் போகும்,
ஈரத்தோடு சுருட்டினால் அடுத்த தையில் நாறும்,
ஒரே மடிப்பில் மடித்தால் மடிப்பிலேயே விடும்.
ஆகவே சுருட்டித் திணித்தோம்,
மணல் கொஞ்சம் உள்ளே போனது, போகட்டும்.

மண்டபத்துக் கிடங்கில்
பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே எண்ணினார்.
முளை எட்டும் சரி.
கயிறு ஒன்று குறைகிறதே?

காரணம் எழுதும் கட்டம்
ஒரு விரல் அகலம்கூட இல்லை.
'முளைத்துவிட்டது' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள்
நம்புக்கனி பேருந்தை நிறுத்தியிருந்தாள்.