இரண்டாம் டேக்

பிடோக் காப்பிக்கடை. மின்விசிறிக்கு நேர் கீழே
இடம் பிடித்து வைத்திருந்தார் அஞ்சுகம்.
இருபத்திரண்டு வருடமாக
நாடகங்களுக்குத் தொடர்ச்சி பார்ப்பவர்.

"நடிப்பையெல்லாம் நான் பாக்கிறதில்ல.
தட்டுல எத்தன இட்லி,
முந்தானை செருகியிருக்கா, விட்டிருக்கா,
எந்தக் கண்ணுல மொதல்ல தண்ணி எறங்குச்சு,
அவ்வளவுதான் என் நோட்டு."

சாவு வீட்டுக் காட்சி ஒன்றுக்கு
ஊதுபத்தி பதினேழு கட்டு வாங்கினார்களாம்,
டேக்குக்கு டேக் ஒரே உயரத்தில் வெட்டி ஏற்ற.
"துக்கம் கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம்.
சாம்பல் இருக்கக்கூடாது."

சிரித்தேன்.
அந்தச் சிரிப்பின் தைரியத்தில் கேட்டுவிட்டேன்,
வீட்டிலும் இப்படித்தானா என்று.

கரண்டியைச் சாஸரில் வைத்தார்.
"அவரு தெம்பனீசுக்குக் குடி போன மறுநாள்
பல்லு தேய்க்கிற கோப்பையில ரெண்டு..."

மேம்பாலத்தில் எம்ஆர்டி.
உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.
பக்கத்து மேசைச் சீனக் கிழவர்
மீன் சூப்பை ஊதிக்கொண்டிருந்தார்.
ரயில் போனபோது அவர் முடித்திருந்தார்.

"மன்னிக்கணும்க்கா. இன்னொரு தடவ?"

தன் கிளாஸைப் பார்த்தார்.
பிறகு என்னுடையதை.
"அப்ப என் தே ஓ பாதி இருந்துச்சு.
இப்ப அடியில சக்கரை தெரியுது.
ஒட்டாது தம்பி."

எழுந்தார். கைப்பை இடது தோளில்.
ஏன் என்று தெரியாமல் அதைக் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் ஒலிப்பதிவைப் போட்டேன்.
"கோப்பையில ரெண்டு" வரை தெளிவாக இருக்கிறது.
பிறகு பதினொரு விநாடி ரயில்.