இடக்காது, வலக்காது

விடியற்காலை மூன்று மணி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
நான் ஜன்னலைத் திறக்கிறேன்.
கழுத்தில் கிளம்பி உச்சந்தலைக்கு ஏறும் அந்தத் தீயை
ஐம்பத்திரண்டு வயதில்
எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை.
ஹில்லாவுக்கும் விளக்கவில்லை.
அவளே வந்து விளிம்பில் ஏறி
என் பக்கத்தில் உட்கார்ந்து ஓலு நகரத்துப் பனிக்காற்றைக் குடித்தாள்.
டிசம்பர் முழுக்க அப்படித்தான்,
நாங்கள் இரண்டு பேர்.

சதுப்பில் பழுக்கும் மஞ்சள் பழத்தின் பெயர் அவளுக்கு.
பதினான்கு வயது.
போன குளிர்காலம் வரை ஹீட்டரை விட்டு நகராதவள்,
இப்போது அலமாரி உச்சிக்கு ஒரே தாவல்,
திரைச்சீலையில் ஊஞ்சல்.
தட்டில் எவ்வளவு வைத்தாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரி.
இளமை திரும்பிவிட்டது இவளுக்கு என்று
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற எல்லோரிடமும் சொன்னேன்.
சொல்லும்போது கொஞ்சம் பொறாமை.

மடியில் எடுத்த அன்றுதான்
முதுகெலும்பு
சீப்புப் பல்லாகக் கையில் இடறியது.

மருத்துவர் ரௌனி அவள் தொண்டையை
இரண்டு விரலால் வருடிக்கொண்டே வந்து
ஓரிடத்தில் நின்றார்.
"இதோ. பட்டாணி அளவு. தைராய்டு."
குழலை என் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னார்.
துடிப்பு மாதிரியே இல்லை அது,
யாரோ துரத்த யாரோ ஓடுகிற சத்தம்.

நான் கொண்டாடிய இளமை
மேசை நாற்காலியை உடைத்து அடுப்பில் போட்டு
எரித்த வெளிச்சம்.

வெளிக்கூடத்தில் கீழ்வீட்டு தௌனோ, நாயோடு.
அதே சுரப்பி அங்கே தூங்கிவிட்டதாம்.
வாலில் மயிர் இல்லை, உடம்பு பீப்பாய்.
"ரெண்டு வருஷமா சோம்பேறின்னு திட்டினேன்" என்று
தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார்.
நாய் அவர் காலணிமேல் தாடையை வைத்திருந்தது.
ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.
சொல்லத் தகுதியான வாய் என்னிடம் இல்லை.

மாத்திரைகளை ஹில்லா சோபாவுக்கு அடியில் சேமித்தாள்.
எண்ணினேன், பதினொன்று.
ஆகவே களிம்பு, காதின் உள்மடலில்.
காலையில் இடது, இரவில் வலது.
கையுறை போட்டுத்தான் தடவ வேண்டும்,
இல்லையென்றால் மருந்து என் ரத்தத்தில் இறங்கும்.
பதினான்கு வருஷம் வெறுங்கையால் தொட்ட காது.
முதல் வாரம் அந்த ரப்பர் விரலை
அந்நியர் விரலைப்போல் முகர்ந்து பார்த்தாள்.

மார்ச். எடை நானூறு கிராம் கூடியிருக்கிறது.
அலமாரியை அண்ணாந்து பார்க்கிறாள்,
யோசிக்கிறாள்,
கிடக்கட்டும் என்று ஹீட்டர் பக்கம் திரும்புகிறாள்.
காசு கொடுத்து அவளை மறுபடி கிழவியாக்கியிருக்கிறேன்.

மூன்று மணி. எனக்கு மட்டும் தீ.
ஜன்னலைத் திறக்கிறேன்.
பின்னாலிருந்து,
கண்ணைக்கூடத் திறக்காமல்,
மூடு என்று ஓர் அதட்டல்.