கடிக்காமல் கரையவிடவும்

முதலாளி இத்தாலி போய்வந்தவர்.
டூரினில் யாரோ ஒரு பெண் அவரைத்
தெருத்தெருவாய் நடத்திச் சாக்லேட் தந்தாளாம்.
அவள் சொன்னதையெல்லாம் எழுதிவந்து
ஊர்ப்பெயரை அடித்து மதுரை என்று போட்டு
லேமினேட் செய்து என் கையில் கொடுத்தார்.

'குளிர்ந்த கல் வளைவுகளின் கீழ் சற்று நிற்கவும்'
என்றிருக்கும் இடத்தில்
பத்துத்தூண் சந்தில் நிற்போம்.
தூணுக்குக் குறைச்சல் இல்லை.
கூரைதான் எப்போதோ போய்விட்டது.
நடுவே நைட்டிகள் தொங்கும்.

வைகாசி. ஆறரை மணிக்கும் சுவர்கள் அனலாய் மூச்சுவிடுகின்றன.
தோளில் தெர்மாகோல் பெட்டி, இரண்டு கிலோ ஐஸ்,
நான்கு வகை, பதினொரு பேர்.
ஒரு மணி நேரத்துக்குமேல் அது சாக்லேட் இல்லை,
குழம்பு.

விளக்குத்தூணில் ஆரம்பம்:
முதலில் மூக்கு, அப்புறம் நாக்கு,
கடிக்காதீர்கள், கரையவிடுங்கள்.
சொல்லி முடிப்பதற்குள்
பாதிப் பேர் கடித்து விழுங்கியாயிற்று.
செர்ரி வாசம் வருகிறதா என்று கேட்கச் சொல்கிறது அட்டை.
கேட்கிறேன்.
செர்ரி என்றால் எங்களுக்கு
பன்னில் ஒட்டியிருக்கும் சாயம்போட்ட களாக்காய்.
'வருது' என்கிறார்கள்,
இன்ஸ்பெக்‌ஷன் வந்த வகுப்புப் பிள்ளைகள்போல.

ஞானஒளிவுபுரத்து சூசைமிக்கேல் மட்டும்
இரண்டு டிக்கெட்டுக்கு ஓர் ஆளாய் வந்திருந்தார்.
அவங்க வரலையா?
'சண்டைங்க' என்றார்,
மழைங்க என்று சொல்வதுபோல.

போனை உள்ளங்கையில் ஏந்தியிருந்தார்.
அதற்குள் பிலோமினா.
'நல்லாருக்கு' என்றார் அதனிடம்.
'நல்லாருக்குன்னா?
அறுநூறு ரூபா கட்டியிருக்கு. என்ன மாதிரி, அதைச் சொல்லு.'

பத்துத்தூணில் எழுபது சதவீதம்.
சிறுமலை அடிவாரத்தில்
தென்னைக்கு ஊடே காய்த்த கொக்கோ.
அவர் கண்ணை மூடினார். பதினொரு பேரில்
உண்மையில் கரையவிட்டது அவர் மட்டும்தான்.
'நம்ம கல்யாணத்தன்னிக்கு
மண்டபத்து வாசல்ல ரோடு போட்டானே,
அந்தத் தாரு. அது மேல
லேசாத் தூறல் விழுந்துச்சே, அப்ப வந்த வாசம்.'
போன் கொஞ்சம் யோசித்தது.
'சரி. அடுத்து?'

கீழமாசி வீதியில் வற்றல் மூட்டைகளுக்கு நடுவில்
எல்லோரும் தும்மினோம்.
மிளகு போட்டது அங்கே; யாருக்கும் தெரியவில்லை,
எது நாக்கில், எது காற்றில் என்று.
'தும்மல்' என்று மட்டும் சொன்னார்.
'அது எனக்கே கேட்டுச்சு.'

எழுகடல் தெரு திரும்பும்போது மல்லி.
வெள்ளைச் சாக்லேட், ஒரு விரல்நுனி அளவு.
அவர் வாயில் போட்டார். பேசவில்லை.
அலோ, அலோ என்றது கை.
'உன் தலகாணி' என்றார்.

ஒருத்தர் செருப்பைப் பார்த்தார்.
கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர்
சிரிக்க நினைத்து விட்டுவிட்டார்கள்.
நான் அட்டையைப் பார்த்தேன்: 'மலர்ச் சாயல், மிதமான முடிவு.'
போன் துண்டித்துவிட்டது.

புதுமண்டபத்து முன்னால் நடை முடிகிறது.
நன்றி சொல்லி, படம் எடுத்து, ஆட்கள் கலைகிற நேரம்
ஒரு ஷேர் ஆட்டோ.
பாதி வாரிய தலையோடு இறங்கியவள்
அவரைப் பார்க்கவே இல்லை, நேரே என்னிடம்:
'என் பங்கு எங்க?'

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் தண்ணீராகியிருந்தது.
அதில் மிதந்த ஈயத்தாளுக்குள்
நான்கும் ஒன்றாகிக் கிடந்தன,
தாரும் மிளகும் மல்லியும், முதலில் தந்த பாலும்.
இதற்கு அட்டையில் வரி இல்லை.
அவள் தாளைப் பிரித்துச் சுண்டுவிரலால் வழித்தாள்.
ரோட்டோரத்தில் நின்றபடி, வேகமில்லாமல்,
மூலை மூலையாக.

'என்ன மாதிரி?' என்றார் அவர்.
'இரு' என்றாள்.

நான் காத்திருக்கவில்லை.
ஏழே முக்காலுக்கு அடுத்த குழு,
ஐஸ் வாங்க வேண்டும்.

ராத்திரி லேமினேஷனைக் கீறிப் பிரித்தேன்.
செர்ரியை அடித்துவிட்டுத்
தூறல் விழுந்த தார் என்று எழுதினேன்.
மல்லிக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை,
அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது.