எந்தத் திங்கள்?

மேல்விஷாரம், இரவு பதினொன்றே கால்.
கம்பெனியில் நானும் யு.பி.எஸ்.ஸும்தான் விழித்திருக்கிறோம்.
சன்னலைத் திறந்தால் தோல் வாடை,
மூடினால் மே மாதம்.
திறந்தே வைத்திருக்கிறேன்.

முதலாளி சாயங்காலம் சொன்னது:
"மிலான் ஆர்டர் போய்ட்ச்சு.
அந்தம்மா ஏழு மெயில் போட்டுதாம்.
ஒண்ணுகூட யார் கண்ணுலயும் படலியே, இன்னாப்பா நடக்குது?"
கூடவே இன்னொன்று:
பழைய சர்வர் வாடகை ஞாயிறோடு முடிகிறது,
அதற்குள் எல்லாரையும் புதுசுக்கு மாற்றிவிடு.

கறுப்புத் திரை. மவுஸுக்கு இங்கே வேலையில்லை.
அறுபத்து மூன்று பேர்.
ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பட்டியல் கேட்கிறேன்,
உன் வாசலில் என்ன காவல் வைத்திருக்கிறாய் என்று.

பாதிப் பேரிடம் ஒன்றுமில்லை.
வந்தது வரட்டும் என்று திறந்துபோட்டவர்கள்.
குணபூஷணி, கணக்குப் பிரிவு:
முதலாளியிடமிருந்து வருவதெல்லாம்
'கசாயம்' என்ற ஃபோல்டருக்கு.
கட்டிங் மேஸ்திரி தஸ்தகீர்:
தலைப்பில் 'அவசரம்' இருந்தால்
'நாளைக்கு' என்ற ஃபோல்டருக்கு.
தனியாகச் சிரித்தேன். யு.பி.எஸ். ஒரு தரம் கீச்சிட்டது.

எபநேசர், ஏற்றுமதி.
பெயருக்குப் பக்கத்தில் 'இயங்குகிறது' என்று ஒரு சொல்.
திறந்தேன்.
நான் விடுப்பில் இருக்கிறேன்,
திங்கட்கிழமை வந்து பதில் எழுதுகிறேன்.
எபநேசர் ஆம்பூர் கம்பெனிக்குப் போய்ப் பதினோரு மாதம்.
ஒரே ஆளுக்கு ஏழு நாளைக்கு ஒரு பதில்தான் போக வேண்டும் என்று
வரம்பு வேறு வைத்திருக்கிறார், மரியாதை தெரிந்த மனிதர்.
அந்தம்மாவும் வாரம் ஒரு மெயில்.
வாரம் ஒரு திங்கட்கிழமை.
ஏழாவதில் ஒரே வரி:
எந்தத் திங்கள்?

அவர் கிளம்பிய அன்றே
ஒற்றை வரியில் நான் அணைத்திருக்க வேண்டியது.
இப்போது அணைத்தேன்.
'இயங்குகிறது' போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

நாற்பத்தெட்டாவது, நயீம், சாயப் பிரிவு.
நாலே வரி.
அனுப்பியவர் முகவரியில் அவன் தம்பி பெயர்.
கடாசு.
குப்பையில்கூட இல்லை,
குப்பை என்றால் கிளறி எடுக்கலாம்.
எழுதிய தேதி, போன பக்ரீத்துக்கு மறுநாள்.
பதிவேட்டைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது.
இந்த வாரம் மூன்று.
நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று.
அதில் என்ன இருந்தது
பதிவேட்டுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது,
நயீமுக்கும் தெரியாது.

ஒரு சொல்லை மாற்றினால் போதும்.
'கடாசு'வை அழித்து ஒரு ஃபோல்டர் பெயர் கொடுத்தால்
தம்பி எழுதுவதெல்லாம் எங்கோ ஓரமாய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்.
ஒருத்தருக்கும் தெரிய வராது.
அதிகாரம் இருக்கிறது,
நிர்வாகி என்று பெயரே கொடுத்திருக்கிறார்கள்.
பெங்களூர் ரோட்டில் ஒரு லாரி
ஹாரனை எடுக்காமல் போய்க்கொண்டே இருந்தது.
அது ஓயும்வரை விரல் அந்தச் சொல்லின் மேலேயே நின்றது.

நாலு வரியை நாலு வரியாகவே எடுத்து
புது சர்வரில் இறக்கினேன்.
பிழை எதுவுமில்லை என்றது திரை.
அது இலக்கணத்தை மட்டும்தான் பார்க்கும்.

காலையில் முதலாளி, "யார் தப்பு?"
"ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்துச்சு" என்றேன்.
டைரியில் 'அரைப்புள்ளி' என்று எழுதி அடிக்கோடிட்டார்.
"அது இன்னா வெல ஆவும்?"

படிக்கட்டில் நயீம். முழங்கை வரைக்கும் நீலம்.
"பழசெல்லாம் அப்டியே வந்துட்ச்சாண்ணே?"
"அப்டியே."
ஒரு படி இறங்கி நின்றான்.
அப்புறம் இன்னொரு படி.