துவர்ப்பு

நாத்தனார் தேனம்மை
சிங்கப்பூரிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள்.
ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை.
"உங்க ரெண்டு பேருக்கும்தான், பேருக்கு ஏத்தாப்பல."
நான் சிகப்பி. அவர் வெள்ளையன்.
கல்யாணப் பத்திரிகை அச்சடித்த நாளிலிருந்து
தேவகோட்டையே சொல்லும் கேலி,
இந்த முறை தக்கை அடைத்து வந்திருந்தது.

தக்கையை எடுக்க வீட்டில் என்ன இருக்கிறது?
ஒரு மர ஸ்க்ரூ, ஒரு குறடு,
அவருடைய முழங்கால்.
பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே விழுந்தது.
டீ வடிகட்டியில் வடித்தோம்.

எவர்சில்வர் டம்ளரில் சிவப்பும் கறுப்பு,
வெள்ளை வெறும் தண்ணீர்.
அவர் ஐஸ் போட்டார்.
இரண்டு நாள் வகுப்புக்குப் போனவள்
தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான்:
வெண்டைக்காய் மண்டி, உப்புக்கறி,
நேற்றைய ரசம்.
"குடிக்காதீங்க, முதல்ல மோந்து பாருங்க."
அவள் கொய்யா என்றாள்.
அவர் நெடுநேரம் யோசித்து
மழை பெய்த சிமெண்ட் தரை என்றார்.
பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மாசியில் வந்த காய்ச்சல்
போகும்போது என் மூக்கையும் கொண்டுபோயிருந்தது.
ஆடி பிறந்தும் திருப்பித் தரவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.
கல்பாசியை எண்ணிப் போடுகிறேன்,
வெங்காயத்தை நிறம் பார்த்து இறக்குகிறேன்,
பால் தீய்ந்தால்
அடுத்த வீட்டுக்காரி கூப்பிடுவாள்.

"நார்த்தங்காய்" என்றேன்.
"ஆமா! நார்த்தங்காயேதான்!"
இருவரும் மறுபடி மோந்தார்கள்,
மறுபடி ஆமாம் என்றார்கள்.
இவ்வளவு சுலபமா என்று இருந்தது எனக்கு.

அடுத்து சிவப்பு.
வேறொரு பொய்யைத் தேடிக்கொண்டே
ஒரு வாய் விட்டேன். நாவல்பழம் என்று சொல்லலாம்,
நிறத்துக்குப் பொருந்தும்

அதற்குள் அது என் கன்னத்தின் உட்புறத்தைப்
பிடித்து இழுத்தது.
வாழைப்பூவைப் பச்சையாக மென்ற மாதிரி,
கொட்டைப்பாக்கின் முதல் கடி மாதிரி,
பல்லெல்லாம் காய்ந்து சொரசொரத்து.
ஐந்து மாதத்தில்
என்னிடம் நேராக வந்து பேசிய முதல் பொருள்.

"அதுக்குப் பேரு டானின்" என்றாள் தேனம்மை.
"டானிக்கா?" என்றார் அவர்.
"துவர்ப்பு" என்றேன் நான்,
கொஞ்சம் சத்தமாகவே.

இன்னொரு வாய்.
துவர்ப்புக்கு மூக்கு வேண்டாம்,
நாக்கைத் தொட்டால் போதும்.

"வாசம் எப்படி?"
"தெரியலை. மாசியிலேருந்தே தெரியலை.
நார்த்தங்காய் சும்மா சொன்னேன்."

மின்விசிறி இரண்டு சுற்று சுற்றியது.
தேனம்மை டம்ளரைக் கீழே வைத்தாள்.
அவர் ரசத்தைப் பார்த்தார், கறியைப் பார்த்தார்,
ஐந்து மாதச் சாப்பாட்டையும்
பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார் போல.

"அதான் கல்பாசி தூக்கலா இருந்துச்சா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
வாய்க்குள் இருந்த சிவப்பு
சேலையில் தெறித்தது.
அவர் தன் பங்குச் சிவப்பை
என் பக்கம் நகர்த்திவிட்டு
ஐஸ் கரைந்த வெள்ளையை எடுத்துக்கொண்டார்.

மண்டிக்கும் அதற்கும் ஆகாது என்றாள் தேனம்மை.
ஆகாவிட்டால் போகட்டும்.
நாக்கில் ஒட்டிய தக்கைத் துணுக்கை எடுத்து
இலை ஓரத்தில்
கறிவேப்பிலையோடு ஒதுக்கினேன்.